‘சவ்வு’ கிழிந்தது, தேய்ந்தது, விலகியது: மூன்றும் ஒன்றா?

ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் வேதாளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அப்பா வலை இழுக்கும்போது படகில் வழுக்கி விழுந்து தோள் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஏற்றிவிட்டார்கள். ஆறு வாரம் ஆகியும் கையைத் தூக்க முடியவில்லை. “சவ்வு கிழிஞ்சிருக்கு” என்கிறார்கள். கடல்பாசி எடுக்கப் போகும் அம்மாவுக்கு முழங்காலில் “சவ்வு தேஞ்சிருச்சு”. ஐஸ் பெட்டி ஏற்றி இறக்கும் அண்ணனுக்கு இடுப்பில் “சவ்வு விலகியிருக்கு”. மூன்று பேருக்கும் ஒரே நோயா, சவ்வு என்றால் என்ன, உடம்பில் மூட்டு எத்தனை வகை என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று வெவ்வேறு பொருள் கெட்டிருக்கிறது. நான் இந்தக் கரையில் இயன்முறை மருத்துவம் பார்ப்பவன். மண்டபத்திலிருந்து சாயல்குடி வரை என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ‘சவ்வு’ என்ற ஒற்றைச் சொல்லோடுதான் வருகிறார்கள். எந்த இடத்துச் சவ்வு, எந்தப் பொருள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை. நேரமில்லாத டாக்டர் சுருக்கமாகச் சொன்ன சொல் அது. அந்தச் சுருக்கத்தால் எத்தனையோ பேர் தவறான வைத்தியத்தில் மாதக்கணக்கைத் தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சவ்வு என்றால் மெல்லிய தோல். அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வருகிறதே, அதுதான் சவ்வு. உங்கள் அப்பாவுக்குக் கிழிந்திருப்பது அநேகமாக ஒரு கயிறு. அம்மாவுக்குத் தேய்ந்திருப்பது எலும்பின் முனையில் இருக்கும் வழுவழுப்பான பூச்சு. அண்ணனுக்குப் பிதுங்கியிருப்பது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு மெத்தை. மூட்டுக்குள் நிஜமாகவே ஒரு சவ்வு உண்டு. அது இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கயிறு, பூச்சு, மெத்தை எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் இணைப்புத் திசு. இவை எல்லாவற்றுக்கும் மூலப்பொருளும் ஏறக்குறைய ஒன்றே: கொலாஜன் என்ற புரதம். படகில் கிடக்கும் கயிற்றை எடுத்து முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். மூன்று புரி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். கொலாஜன் மூலக்கூறும் அப்படித்தான், மூன்று புரி. இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என்.ராமச்சந்திரன். கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954, 1955 ஆண்டுகளில் இந்த அமைப்பை வெளியிட்டார். நம் உடம்பைக் கட்டிவைத்திருக்கும் கயிற்றின் முறுக்கு நம் ஊரிலிருந்துதான் உலகத்துக்குத் தெரிந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்த முறுக்கு இறுக வைட்டமின் சி வேண்டும். பழைய காலத்தில் மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்குப் பழமோ காய்கறியோ கிடைக்காது. ஈறு வீங்கும், பல் ஆடி விழும், ஆறிய காயம்கூடத் திரும்பப் பிளக்கும். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு உணவு கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சீக்கிரம் எழுந்து நடந்தார்கள். பல் ஏன் ஆடியது? பல்லும் தாடையும் சேருமிடமும் ஒரு மூட்டுதான். அங்கே பிடித்திருப்பதும் கொலாஜன் நார்தான். கயிறு இற்றால் நட்ட கம்பு ஆடத்தானே செய்யும்.

இப்போது மூட்டின் வகைக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் அசையாத மூட்டு, சிறிது அசையும் மூட்டு, நன்றாக அசையும் மூட்டு என்று படித்திருப்பீர்கள். தவறில்லை. ஆனால் எனக்குப் பிடித்த வழி வேறு: இரண்டு எலும்புக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நாரா, குருத்தா, நீரா? இந்த ஒரு கேள்விக்குள் எல்லா மூட்டும் அடங்கிவிடும். எவ்வளவு அசையும், அடிபட்டால் எப்படி ஆறும் என்பதும் அதிலிருந்தே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நார் இருக்கும் மூட்டு கட்டுமரம் மாதிரி. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஆணி கிடையாது, கயிற்றுக் கட்டுத்தான். அலையில் துளி நெகிழும், பிரியாது. மண்டையோட்டின் எலும்புகள் இப்படித்தான் ரம்பப் பல் போன்ற விளிம்புகளோடு பொருந்தி, நாரால் பிணைந்திருக்கின்றன. பிறந்த குழந்தைக்கு அந்த விளிம்புகள் இன்னும் சேர்ந்திருக்காது. உச்சிக்குழி என்று நம் பாட்டிமார் எண்ணெய் வைக்கும் இடம் அதுதான். தலை பிறப்புப் பாதையில் நெளிந்து வரவும், அதன்பின் மூளை வளரவும் அந்த இடைவெளி வேண்டும். முன் உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். குழி திடீரென்று உள்ளே இறங்கித் தெரிந்தால் குழந்தைக்கு நீர்ச்சத்து வற்றுகிறது என்று பொருள். அழாமல் இருக்கும்போதும் புடைத்து இறுகி நின்றால் உடனே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பல்லைச் சொல்லிவிட்டேன். காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு ஓடுகிறதே, அவை கணுக்காலுக்கு மேலே சேரும் இடமும் நார் மூட்டுதான்.

அடுத்து, குருத்து. குருத்தெலும்பு என்ற சொல்லை வைத்தவர் பனையைப் பார்த்து வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். பனங்குருத்து ஓலையாகும் முன் எப்படி வெள்ளையாக, வளையும்படியாக இருக்கிறதோ, அப்படி இருக்கும் எலும்பு. நம் கரையில் அதைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். திருக்கைக் குழம்பில் ‘முள்’ என்று நினைத்து மென்று தின்கிறோமே, அது எலும்பே இல்லை. திருக்கைக்கும் சுறாவுக்கும் உடம்பு முழுக்கக் குருத்தெலும்புதான். சீலா மீனின் முள்ளைக் கடித்தால் ஒடியும், குத்தும், திருக்கையினுடையது நசுங்கும். அந்த வித்தியாசத்தை உங்கள் பல்லுக்கே தெரியும்.

வளரும் பிள்ளைகளின் நீள எலும்புகளில் முனைக்குப் பக்கத்தில் ஒரு குருத்துத் தட்டு இருக்கும். எலும்பு நீள்வது அங்கேதான். வளர்ச்சி முடிந்ததும் அது எலும்பாகி மூடிவிடும். இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரியவர்களுக்கு மூட்டு பிசகினால் எலும்பை எலும்போடு கட்டும் கயிறான லிகமென்ட் கிழியும். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு லிகமென்டைவிட இந்தக் குருத்துத் தட்டுதான் பலம் குறைந்தது. அதனால் பிள்ளை விழுந்து மூட்டுப் பக்கம் வீங்கினால், சுளுக்குத்தான் என்று எண்ணெய் போட்டு நீவி விடாமல் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். தட்டு விலகி ஒட்டினால் அந்தக் கை அல்லது கால் கோணலாகவோ குட்டையாகவோ வளரக்கூடும்.

உங்கள் அண்ணனின் இடுப்பும் இந்தக் குருத்து வகையில்தான் வருகிறது. முதுகெலும்பில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் எலும்புகளுக்கு நடுவே 23 தட்டுகள், டிஸ்க் என்கிறார்களே அவை. வெளிப்பக்கம் நார்க்குருத்து வளையம், வெங்காயம் போல அடுக்கடுக்காக. ஒவ்வோர் அடுக்கிலும் நார் சாய்ந்து ஓடும். அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கம் சாயும். நடுவில் கூழ். இளவயதில் அந்தக் கூழில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பகல் முழுக்க நிற்பதும் சுமப்பதும் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் பிழிந்துவிடும். படுத்து உறங்கும்போது திரும்ப ஊறும். காலையில் இருந்த உயரத்தைவிட மாலையில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் குறைந்துதான் எல்லோரும் வீடு திரும்புகிறோம்.

இந்த டிஸ்க் ‘விலகுவது’ இல்லை. மேல் எலும்போடும் கீழ் எலும்போடும் அது இறுக ஒட்டியிருக்கிறது. சோப்புக் கட்டி மாதிரி நழுவி வராது. வளையத்தின் பின்பக்க அடுக்குகளில் கீறல் விழுந்து, உள்ளே இருக்கும் கூழ் அந்த வழியாகப் பிதுங்குகிறது. பிதுங்கியது காலுக்குப் போகும் நரம்பின் வேரை உரசினால் பிட்டத்திலிருந்து கால் வரை மின்சாரம் அடித்த மாதிரி இழுக்கும். இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்குகளில்தான் இது மிகுதி. குனிந்து, அதோடு உடம்பைத் திருப்பி, கனத்தைத் தூக்குவது அந்த வளையத்துக்கு ஆகவே ஆகாது. ஐஸ் பெட்டியைத் தரையிலிருந்து எடுத்து வண்டிக்குத் திரும்பும் அசைவு முழுக்க அதுதான். அண்ணனைப் பெட்டியை உடம்போடு அணைத்துத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கியபின் இடுப்பைத் திருப்பாமல் காலை நகர்த்தித் திரும்பட்டும்.

விலகிய சவ்வை ஒரே தட்டில் உள்ளே தள்ளிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போக விடாதீர்கள். அங்கே தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. பிதுங்கிய கூழைப் பெரும்பாலும் உடம்பே சில வாரங்களில், சில மாதங்களில் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். வலி அடங்கும்வரை மருந்து, பிறகு முறையான பயிற்சி என்று பெரும்பாலானவர்கள் கத்தி படாமலே தேறிவிடுகிறார்கள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது: சிறுநீர் வராமல் அடைத்தாலோ, தெரியாமல் மலம் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, காலில் பலம் இறங்கிக்கொண்டே வந்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் போன பலம் திரும்பாமலே போகலாம்.

மூன்றாவது, நீர் மூட்டு. சினோவியல் மூட்டு என்று புத்தகத்தில் இருக்கும். தோள், முழங்கை, விரல், தொடை எலும்பு சேரும் இடுப்பு மூட்டு, முழங்கால் எல்லாம் இதுதான். இதைக் கையால் தொட்டே பார்த்துவிடலாம். கறிக்கடையில் ஆட்டின் பின்னங்கால் வாங்கும்போது முழங்கால் மூட்டை வெட்டாமல் முழுசாகக் கேளுங்கள். வீட்டில் ஒரு கூரான கத்தியால் மூட்டைச் சுற்றிக் கீறுங்கள். முதலில் கத்திக்கு ஒரு தடித்த வெள்ளை உறை தட்டுப்படும். அது மூட்டுறை. அதைக் கிழித்ததும் சில சொட்டு நீர் வழியும். அதை ஆள்காட்டி விரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவே வைத்துப் பிரித்துப் பாருங்கள், முட்டை வெள்ளைக்கரு போல நூல் விட்டு நீளும். அதுதான் மூட்டு எண்ணெய். நமக்கு முழங்காலிலேயே அது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவுதான்.

மூட்டை விரித்துப் பிளந்தால் எலும்பு முனையில் பால் வெள்ளையில் லேசாக நீலம் ஓடிய ஒரு பூச்சு பளபளக்கும். நகத்தால் கீறினாலும் வழுக்கும். இதுதான் மூட்டுக் குருத்து. நடுவில் குறுக்காக இரண்டு வெள்ளைக் கயிறு ஒன்றையொன்று கடந்து போகும். அவை சிலுவை லிகமென்ட். ஓரத்தில் பிறை நிலா வடிவில் இரண்டு வளையம், மெனிஸ்கஸ். மேலே முழங்கால் சில்லோடு பெரிய பட்டையான கயிறு, தசையிலிருந்து வரும் டெண்டன். ஆட்டுக்கு இருக்கும் இத்தனையும் உங்கள் அம்மாவின் முழங்காலிலும் அதே ஒழுங்கில் இருக்கின்றன. இத்தனைக்கும் சேர்த்துத்தான் நாம் ‘சவ்வு’ என்ற ஒரு சொல்லை வைத்திருக்கிறோம்.

லிகமென்ட், டெண்டன் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். லிகமென்ட் எலும்பை எலும்போடு கட்டுவது. டெண்டன் தசையை எலும்போடு கட்டுவது. பாடப் புத்தகத்தில் லிகமென்டுக்குத் தசைநார் என்றும் டெண்டனுக்குத் தசைநாண் என்றும் இருக்கும். தசைநாண் நல்ல சொல். வில்லின் நாண் போலத் தசை இழுக்க எலும்பு அசையும். தசைநார் என்ற சொல்தான் ஆளை ஏமாற்றும், அதில் தசையே கிடையாது. பனையேறிகள் காலில் மாட்டும் தளைநாரை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஏறாது, இறங்காது; கால் அகலாமல் பிடித்திருப்பது மட்டுமே அதன் வேலை. லிகமென்டும் அப்படித்தான்.

இவை எப்படி ஆறும் என்பதுதான் முக்கியம். எங்கே ரத்த ஓட்டம் இருக்கிறதோ அங்கே ஆறும். முழங்காலின் உள்பக்கவாட்டு லிகமென்ட் மூட்டுக்கு வெளியே, ரத்தம் கிடைக்கும் இடத்தில் இருக்கிறது. கிழிந்தாலும் பெரும்பாலும் தானே ஒட்டும். மூட்டு நடுவில் இருக்கும் முன் சிலுவை லிகமென்ட், ஏ.சி.எல். என்பார்கள், முழுதாக அறுந்தால் இரு முனையும் மூட்டு நீரில் ஊறிக்கொண்டிருக்கும். இடையில் ரத்தம் உறைந்து பாலம் கட்ட இடமில்லை. தானாக ஒட்டுவது அரிது. மெனிஸ்கஸுக்கு வெளி ஓரத்தில் மட்டும் ரத்தம் உண்டு, உள் ஓரத்தில் இல்லை. அதனால் ‘மெனிஸ்கஸ் கிழிந்தது’ என்றால்கூட எந்த ஓரம் என்று கேட்க வேண்டும். மூட்டுக் குருத்துக்கோ ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. தேயத் தொடங்கும்போது வலிக்காது. அடியில் இருக்கும் எலும்பும் சுற்றியிருக்கும் உறையும் முறையிடும்போதுதான் நமக்குத் தெரியவரும்.

ரத்தமில்லாத அந்தக் குருத்து எதைத் தின்று உயிர் வாழ்கிறது? மூட்டு நீரைத்தான். நடக்கும்போது கால் ஊன்றினால் குருத்து அமுங்கி நீரை விடும்; தூக்கினால் உறிஞ்சும். குருத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அதனால் முழங்கால் வலிக்கிறதென்று நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டால் குருத்துக்குச் சோறு நின்றுவிடும். உங்கள் அம்மாவிடம் இதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

பாம்பன் பாலத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம், அதை வைத்தே முழங்காலை விளக்கலாம். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் தூக்கு ஒரே ஆணியில் கதவு மாதிரித் திரும்பியதில்லை. அதன் அடிப்பாகம் வளைந்திருந்தது; தொட்டில் ஆடுவது போல உருண்டு பின்னால் சாய்ந்து எழுந்தது. ஷெர்சர் வகைத் தூக்கு என்பார்கள். முழங்காலும் அப்படி. கதவுக் கீல் போன்றது என்று புத்தகம் சொன்னாலும், தொடை எலும்பின் வளைந்த முனை கீழ் எலும்பின்மேல் உருள்கிறது, உருண்டுகொண்டே வழுக்கவும் செய்கிறது. உருளல் மட்டும் இருந்தால் தொடை எலும்பு பின்பக்கமாக இறங்கிவிடும். சிலுவை லிகமென்ட்கள் பிடித்திழுப்பதால்தான் வழுக்கி இடத்திலேயே நிற்கிறது. காலை முழுக்க நீட்டும்போது கடைசியில் கீழ் எலும்பு துளி வெளிப்பக்கம் திருகிப் பூட்டிக்கொள்ளும். நெடுநேரம் நிற்க முடிவது அந்தப் பூட்டால். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் செங்குத்தாக எழும்புவது. அதற்கு உடம்பில் உவமை இல்லை.

மற்ற நீர் மூட்டுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முழங்கையும் விரல் கணுக்களும் கீல். தோளும் இடுப்பும் பந்துக் கிண்ணம். கழுத்தின் முதல் எலும்பு இரண்டாவது எலும்பின் முளையைச் சுற்றித் திரும்புவது முளை மூட்டு, சுக்கான் திரும்புகிற மாதிரி. ‘இல்லை’ என்று தலையாட்டுவது அங்கேதான். மணிக்கட்டில் முட்டை வடிவ முனை ஒன்று குழியில் உட்காரும், முன்பின்னும் பக்கவாட்டிலும் அசையும். பாதத்திலும் மணிக்கட்டிலும் உள்ள சிறிய எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். பெருவிரலின் அடியில் இருப்பது சேண மூட்டு. இரண்டு குதிரைச் சேணத்தைக் குறுக்காகக் கவிழ்த்து வைத்த மாதிரி. அது இருப்பதால்தான் பெருவிரல் மற்ற நான்கு விரலையும் தொடுகிறது. கிழிந்த வலையைப் பின்னும் ஊசியை நம் ஆட்கள் பிடிப்பது அந்த ஒரு மூட்டின் தயவில்தான்.

அம்மாவுக்கு வருவோம். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போகும்போது அவர் முழங்காலுக்குச் சுமை குறைவு. இடுப்பளவு நீரில் உடல் எடையில் ஏறக்குறையப் பாதியைக் கடல் சுமந்துகொள்ளும். பாறையில் வழுக்கி மூட்டு திருகாமல் பார்த்துக்கொண்டால் போதும். கெடுதல் கரைக்கு வந்த பிறகுதான்: ஈரப் பாசி மூட்டையைத் தூக்கி மணலில் நடப்பது, குத்துக்காலிட்டு மணிக்கணக்கில் பிரிப்பது. குத்துக்காலிடும்போது சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே அழுத்தம் உடல் எடையைப் போலப் பல மடங்கு ஏறும். உட்கார உயரமான ஒரு பலகை போட்டுக்கொடுங்கள். மூட்டையைச் சிறியதாக இரண்டாகக் கட்டட்டும். தொடையின் முன்தசைக்குப் பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணும்வரை நிறுத்தி இறக்க வேண்டும், ஒரு காலுக்குப் பத்து முறை, காலை மாலை. கடல் அமைதியாக இருக்கும் நாளில் இடுப்பளவு நீரில், அடியில் மணல் இருக்கும் இடத்தில் நடக்கட்டும். ஆயிரக்கணக்கில் செலவழித்துக் குளம் கட்டி நகரத்தில் கொடுக்கும் பயிற்சி அது. அம்மாவுக்கு வாசலிலேயே இருக்கிறது.

ஆட்டுக்கால் சூப் குடித்தால் தேய்ந்தது வளருமா என்று எல்லோரும் கேட்பார்கள். கால் வேகும்போது கொலாஜன் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகிறது, அதனால்தான் விரல் ஒட்டுகிறது. ஆனால் வயிற்றுக்குள் போனதும் எல்லாப் புரதத்தையும் போல அது துண்டு துண்டாகிவிடும். நல்ல உணவு, குடிக்கட்டும். முழங்காலுக்குப் போய்ப் பூசிக்கொள்ளும் என்று மட்டும் நம்ப வேண்டாம். கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ தின்னட்டும், கயிறு முறுக்க வைட்டமின் சி வேண்டுமே.

அப்பாவின் தோள்தான் எனக்குக் கவலை. தோள் பந்துக் கிண்ண மூட்டு என்றாலும் அங்கே கிண்ணம் மிகவும் ஆழமற்றது, பெரிய பந்தைச் சின்னத் தட்டில் வைத்த மாதிரி. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. அதனால்தான் சீக்கிரம் இறங்கியும் விடுகிறது. தட்டின் விளிம்பைச் சுற்றி நார்க்குருத்து வரம்பு ஒன்று உயர்த்திக் கட்டியிருக்கும், வயல் வரப்பு மாதிரி. அதற்கு மேல் நான்கு தசைகளின் டெண்டன்கள் ஒன்றாகச் சேர்ந்து பந்தை மூடிப் பிடித்திருக்கும். இருபது வயதுப் பையனுக்குத் தோள் இறங்கினால் பெரும்பாலும் கிழிவது அந்த வரம்பு. அதனால் திரும்பத் திரும்ப இறங்கும். நாற்பதைத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் கிழிவது டெண்டன்; அவர்களுக்குத் திரும்ப இறங்குவது குறைவு, ஆனால் கை தூக்க வராது.

டெண்டன் எலும்பில் சட்டென்று ஒட்டிவிடாது. நார், பிறகு நார்க்குருத்து, பிறகு சுண்ணாம்பு ஏறிய குருத்து, பிறகு எலும்பு என்று படிப்படியாகக் கெட்டியாகும். இழுப்பு ஒரே இடத்தில் விழாமல் பரவுவதற்காக உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு அது. பல வருடம் வலை இழுத்த தோளில் அந்த இடம் முன்பே நைந்திருக்கும். விழுந்த அன்று மிச்சமும் போயிருக்கலாம்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். அப்பாவின் கையை நீங்களே மெதுவாகத் தூக்கிவிடுங்கள். நீங்கள் தூக்கினால் மேலே போகிறது, அவராகத் தூக்கினால் போகவில்லை என்றால் டெண்டன் கிழிந்திருக்கலாம், அல்லது தோள் இறங்கியபோது அந்த வழியாகப் போகும் நரம்பு இழுபட்டிருக்கலாம். நீங்கள் தூக்கினாலும் ஓரளவுக்கு மேல் போகாமல் முட்டி நிற்கிறது என்றால் மூட்டுறை இறுகிவிட்டது என்று பொருள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம். முதல் வகைக்கு எலும்பு மருத்துவரிடம் போய் ஸ்கேன் எடுக்க வேண்டும். முழுக் கிழிசலாக இருந்தால் தைப்பதை நாள் தள்ளக் கூடாது. தள்ளத் தள்ள தசை உள்ளே சுருங்கிக் கொழுப்பேறிவிடும், பிறகு இழுத்தாலும் எட்டாது. இரண்டாம் வகைக்குப் பொறுமையான பயிற்சிதான். இரண்டையும் ‘சவ்வு’ என்று எழுதி ஒரே எண்ணெயைத் தேய்த்தால் எப்படித் தேறுவார்?

நிஜமான சவ்வைச் சொல்கிறேன் என்றேன். மூட்டுறையின் உட்பக்கம் மெல்லிய பட்டுத் துணி போல ஒட்டியிருப்பது சினோவியல் சவ்வு. குருத்தின்மேல் அது இருக்காது, மற்ற உட்சுவர் முழுக்க இருக்கும். மூட்டு நீரைச் சுரப்பது அதுதான். 2006-இல் தமிழ்நாடு முழுக்கச் சிக்குன்குனியா வந்ததே, அப்போது விரலைக்கூட மடக்க முடியாமல் ஊரே முடங்கிக் கிடந்ததைப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அப்போது வீங்கியது இந்தச் சவ்வு. முடக்குவாதம் என்கிற ருமட்டாய்டு நோயிலும் இதுதான் முதலில் தடிக்கிறது, பிறகு குருத்தையே அரிக்கிறது. காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல் கணுக்களும் வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுக்கமாக இருப்பது ஆறு வாரம் தொடர்ந்தால் அது தேய்மானம் இல்லை. அதற்கான மருத்துவர் வேறு, மருந்தும் வேறு.

நெட்டி முறித்தால் மூட்டு தேயும் என்பார்களே, அதற்கும் ஒரு வரி. மூட்டு உறை இழுபடும்போது உள் அழுத்தம் குறைந்து, நீரில் கரைந்திருந்த வாயு குமிழியாக வெளிப்படும் சத்தம் அது. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஐம்பது வருடம் ஒரு கையில் மட்டும் நெட்டி முறித்து, மற்றொன்றை விட்டு வைத்துப் பார்த்தார். இரண்டு கைக்கும் வித்தியாசமில்லை என்று 1998-இல் எழுதினார். பாட்டி கண்ணேறு கழித்து நெட்டி முறிக்கட்டும், தடுக்காதீர்கள்.

அடுத்த முறை ஸ்கேன் தாளோடு போகும்போது இதை மட்டும் கேளுங்கள்: டாக்டர், கிழிந்தது டெண்டனா, லிகமென்டா, குருத்தா, மெனிஸ்கஸா? முழுதா, பாதியா? ரத்தம் ஓடும் இடமா? பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவை இந்த வாரமே கூட்டிப் போங்கள். அம்மாவும் அண்ணனும் அடுத்த வாரம் போகலாம்.